கழட்டத் தெரிஞ்சவன் போ, பனிமலைக்கு!

ஏலே ராசா, கேதார்காந்தாவுக்குப் போறியாம்ல? மார்கழி முடியுறதுக்குள்ள உத்தரகாசிப் பக்கம் போயி, 12,500 அடி உசரத்துச் சிகரம் ஏறி, போற வழியில பனி மேல கூடாரம் போட்டுப் படுப்பியாம்ல? போ. நல்லாப் போ. கோவில்பட்டியில 20 டிகிரி வந்தாலே குரங்குக் குல்லாய மாட்டிக்கிட்டு, காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு, டீக்கடை பெஞ்சுல ஒடுங்கி உட்கார்ற வம்சம் நம்ம வம்சம். அதுல ஒருத்தன் மைனஸ் 10 டிகிரியக் காசு கட்டித் தேடிப் போறான்னா, ஊருல நாலு பேருகிட்ட நான் மீசைய முறுக்கிக்கிட்டுச் சொல்லலாம். நீ முழுசாத் திரும்பி வந்தா.

அதுக்குத்தான் கூப்பிட்டேன். உட்காரு. போனைக் கவுத்தி வை.

உன் பையத் தொறந்து பார்த்துட்டேன். கோவிச்சுக்காதே, பட்டாளத்துல புதுப் பயலுக மூட்டையத் தட்டிக் கொட்டிப் பார்த்த கை இது, சும்மா கிடக்காது. உள்ள என்ன இருக்கு? ஜீன்ஸ் பேண்டு ரெண்டு. திருப்பூர்ப் பருத்திப் பனியன் அரை டஜன். நெஞ்சுல ஏதோ இங்கிலீசுல எழுதின ஹூடி ஒண்ணு. அப்புறம் ஒரு ஜாக்கெட்டு. அம்மாடி! அதுக்குத் தனியா ரயில் டிக்கெட் எடுக்கணும். "இதைப் போட்டா மைனஸ் 30 கூட ஒண்ணும் பண்ணாது தாத்தா"ன்னு கடைக்காரன் சொன்னதை எங்கிட்ட ஒப்பிக்கிறே. அந்தக் கடைக்காரன் எங்க இருக்கான்? தி.நகர்ல, ஏ.சி.க்குக் கீழ.

முதல்ல ஒண்ணைத் தெரிஞ்சுக்கோ. எந்தத் துணியும் சூடு கொடுக்காது. அந்த ஜாக்கெட்ட ராத்திரி பூரா கூடாரத்துல தனியாத் தொங்க விட்டுப் பாரு, விடியக்காலம் தொட்டா கையி வெறைக்கும். சூடு உண்டாக்குறது நீ. சும்மா உட்கார்ந்திருந்தாலே உன் ஒடம்பு 100 வாட் கணக்குல சூட்டை விட்டுக்கிட்டே இருக்கு. முதுகுல மூட்டையோட மேடு ஏறினா அது அஞ்சாறு மடங்கு ஆகும். துணியோட வேலை அந்தச் சூட்டைத் தங்க வைக்கிறது மட்டும்தான். அதையும் துணி செய்யல. துணிக்குள்ளயும் துணிக்கு நடுவுலயும் அசையாம நிக்கிற காத்துதான் செய்யுது. அதனாலதான் தடிமனா ஒண்ணைப் போடுறதை விட, மெல்லிசா மூணு நாலு போடுறது மேல். அதுல இன்னொரு பெரிய லாபம் இருக்கு: வேணுங்கும்போது ஒண்ணை மட்டும் கழட்டலாம். உன் குண்டு ஜாக்கெட்டுல அந்த வசதி ஏது? போட்டா வேகணும், கழட்டினா வெறைக்கணும். நடுவுல வழி கிடையாது.

பனிக்குப் போற பய எல்லாம் வெளிய இருக்கிற குளிருக்குப் பயப்படுறான். நீ பயப்பட வேண்டியது உன் சொந்த வேர்வைக்கு.

கரிசக்காட்டுல பருத்தி வெதச்சு, பருத்தி எடுத்து, பருத்தி வித்த காசுலதான் உங்கப்பனப் படிக்க வச்சேன். பருத்தியப் பழிச்சா என் வாயி அழுகிப் போகும். ஆனா அது வெயிலுக்குன்னு பொறந்த சாமி. வேர்வைய உறிஞ்சும், உறிஞ்சுனதை லேசுல விடாது. சித்திரை மாசம் மண்பானைக்கு ஈரச்சாக்கைச் சுத்தி வைக்கிறோம்ல, தண்ணி ஜில்லுனு ஆகுதுல்ல? நனைஞ்ச பருத்திப் பனியனோட பனியில நிக்கிறவன் அந்தப் பானைதான். ஈரம் காயுறதுக்கு வேண்டிய சூட்டை அவன் ஒடம்புல இருந்துதான் உருவும். போதாக்குறைக்கு, தண்ணி காத்தை விட இருபது மடங்குக்கு மேல சூட்டைக் கடத்தும். துணிக்குள்ள குடியிருந்த காத்தைத் துரத்திட்டுத் தண்ணி வந்து உட்கார்ந்துட்டா, நீ அஞ்சு சட்டை போட்டும் அம்மணம்தான். ஜீன்ஸும் அதே பருத்திதான். பனியில நனைஞ்சு உறைஞ்சா, கழட்டி வச்ச பிறகும் தானா நிக்கும், உன்னை விட நிமிர்ந்து.

நான் சொன்னா நம்ப மாட்டே, வெள்ளைக்காரன் சொன்னா நம்புவே. சரி, வெள்ளைக்காரன் கதையே சொல்றேன். 1911-ல அண்டார்டிகாவுல ஸ்காட்டு துரை கூட்டத்துல இருந்து மூணு பேரு கிளம்பினாங்க: வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்டு. எதுக்கு? பெங்குவின் முட்டை எடுக்க. சிரிக்காதே, நெசம். அந்தப் பக்கம் ஜூலைதான் நடுக்குளிர்காலம். சூரியன் எட்டிப் பார்க்காது. மைனஸ் 60 வரைக்கும் போச்சு. சறுக்கு வண்டிய ஆளுகளே இழுக்கணும், இழுத்தா வேர்க்கும், வேர்த்தது வெளிய போக வழியில்லாம உடுப்புக்குள்ளயே உறைஞ்சிருச்சு. ஒருநாள் செர்ரி கூடாரத்தை விட்டு வெளிய வந்து, சுத்துமுத்தும் பார்க்கத் தலையத் தூக்கினாரு. அவ்வளவுதான். கால் நிமிசத்துல உடுப்பு இறுகிப் போச்சு, தலையக் குனிய முடியல. நாலு மணி நேரம் வானத்தைப் பார்த்தபடியே வண்டி இழுத்தாரு. மறுநாள்ல இருந்து வெளிய வந்ததும் மூணு பேரும் வண்டி இழுக்குற தோதுல குனிஞ்சு நின்னுக்குவாங்களாம். உறையுறதுதான் உறையுது, உபயோகமா உறையட்டுமேன்னு!

இன்னும் கேளு. செர்ரியோட படுக்கைப் பை கிளம்பும்போது 8 கிலோ. திரும்பி வரும்போது 20 கிலோ. கூடுன எடை அத்தனையும் அவரு ஒடம்பு விட்ட ஈரமும், மூச்சு விட்ட ஆவியும் உறைஞ்ச ஐஸு. ஒரு மாசம் வேர்வையச் சொமந்துக்கிட்டு அலைஞ்சதுக்கு மூணு முட்டை மிச்சம். அதே வருசம் நார்வேக்காரன் அமுண்ட்சென் எஸ்கிமோ சனங்ககிட்டக் கத்துக்கிட்டபடி தொளதொளன்னு ரோமத்தோலு உடுப்புப் போட்டான். காத்து உள்ள புழங்கிச்சு. வண்டிய நாய் இழுத்துச்சு. டிசம்பர் 14-ந்தேதி தென்துருவத்துல போயிக் கொடிய நட்டுட்டான். உனக்கு நாயும் கிடையாது, துருவமும் கிடையாது. வேர்வை மட்டும் உண்டு. அதனால கேளு.

தோலை ஒட்டிப் போடுறது முதல் அடுக்கு. அதோட வேலை சூடு இல்ல, வேர்வையத் தோலை விட்டு வெளிய நகர்த்துறது. மெரினோ ஆட்டு ரோமம், இல்லேன்னா பாலியஸ்டர். ரோமம் தன் எடையில மூணுல ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கிட்டும் 'நான் நனையல'ன்னு சாதிக்கும், சூட்டையும் விட்டுக் கொடுக்காது. நாத்தமும் சீக்கிரம் எடுக்காது. பாலியஸ்டர் மலிவு, சட்டுனு காயும்; ஆனா ரெண்டாம் நாளு கூடாரத்துல கூடப் படுத்தவன் உன்னைப் பார்க்குற பார்வையே வேறயா இருக்கும். எது வாங்கினாலும் ஒடம்போட ஒட்டி இருக்கணும்.

இதுல ஒரு கூத்து உண்டு. நார்வே பட்டாளத்துல ஹென்ரிக் புருன்னு ஒரு ஆபிசரு. 1933-ல மீன்வலைய வெட்டிப் பனியன் தச்சுப் போட்டுக்கிட்டாரு. ஓட்டை எல்லாம் காத்துக்கு வீடு, வேர்வைக்கு வாசல். மேல ஒரு சட்டையப் போட்டா உள்ள காத்து அசையாம நிக்கும். சட்டையத் தொறந்தா ஆவி பறந்துரும். 1953-ல எவரெஸ்ட் ஏறின கூட்டத்துக்கு இந்த வலைப் பனியன் ஜாதிதான் போச்சு. என் பனியன்ல நாலு ஓட்டை விழுந்தா உங்க அப்பத்தா கரித்துணி ஆக்கிருதா. எவரெஸ்ட் கதையச் சொல்லிப் பார்த்தேன், எடுபடல.

ரெண்டாவது அடுக்குதான் சூட்டைக் காவல் காக்கிறது. நடக்கும்போது ஃபிளீஸ் போதும். 1979-ல அமெரிக்காவுல ஒரு ஆலையில கொண்டு வந்த பாலியஸ்டர் துணி அது. இப்போ குடிச்சுட்டுப் போட்ட பிளாஸ்டிக் பாட்டில உருக்கிக் கூட அதைச் செய்றாங்க. நின்னா உட்கார்ந்தா மேல போட, வாத்து இறகு அடைச்ச ஜாக்கெட்டு. அதுக்கு ஒரு கதை உண்டு. 1922-ல எவரெஸ்ட் ஏறப் போன இங்கிலீஷ் துரைமாருல ஜார்ஜ் ஃபின்ச்னு ஒருத்தர் பலூன் துணியில இறகை அடைச்சு ஒரு கோட்டு தச்சுப் போட்டுக்கிட்டு வந்தாரு. கம்பளிக் கோட்டுத் துரைமாரு கேலி பண்ணிச் சிரிச்சாங்க. மேல ஏற ஏறச் சிரிப்பு அடங்கிப்போச்சு. இன்னைக்கு எவரெஸ்ட் ஏறுறவன் எல்லாம் ஃபின்ச்சு கோட்டோட பேரப்பிள்ளையத்தான் போட்டுட்டுப் போறான். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ: இறகு நனைஞ்சா கட்டி தட்டிப் போகும், சூடு போயிரும். அதைப் போட்டுக்கிட்டு மேடு ஏறி வேர்க்க விட்டேன்னா, காசைப் பனியில கரைச்சேன்னு அர்த்தம்.

மூணாவது, வெளிக்கூடு. காத்தையும் பனியையும் தடுக்கணும், உள்ள இருந்து வர்ற ஆவிய விடணும். பாப் கோர்னு ஒருத்தர் 1969-ல ஒரு பிளாஸ்டிக் தண்டைச் சடக்குனு இழுத்துப் பார்க்க, அது நுணுக்க நுணுக்கமாத் துளை விட்டு விரிஞ்சிச்சு. தண்ணித்துளி நுழைய முடியாத துளை, நீராவி நுழையுற துளை. கோர்டெக்ஸ் பொறந்த கதை அதுதான். அது விலை ஜாஸ்திதான். கக்கத்துல ஜிப் வச்ச சாதாரண ஜாக்கெட்டு கிடைச்சாலும் போதும். நம்ம ஊரு மழைக்கோட்டு மட்டும் வேண்டாம். வெளி ஈரம் வராது, உள்ள நீயே மழை பெய்வே.

வாங்கியாச்சா? இப்போதான் பாடம் ஆரம்பம். போடத் தெரிஞ்சவன் பாதி ஆளு. கழட்டத் தெரிஞ்சவன்தான் முழு ஆளு.

சாங்க்ரி கிராமத்துல இருந்து காலையில கிளம்புவீங்க. குளுரும். எல்லாப் பயலும் எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு போட்டோ எடுப்பான். நீ ஒரு அடுக்கு கம்மியாப் போட்டுக்கிட்டு, லேசா நடுங்கிக்கிட்டு கிளம்பு. கால் மணி நேரத்துல ஒடம்பு சூடாயிரும். நெத்தியில முதல் ஈரம் தட்டுறதுக்கு முன்னால குல்லாயக் கழட்டு, அடுத்து கையுறை, அடுத்து கழுத்து ஜிப்பு, அடுத்து ஃபிளீஸ். 'எல்லாரும் நிக்காம நடக்கிறாங்க, நான் மட்டும் நின்னா வெக்கமா இருக்கு'ன்னு சும்மா போகாதே. வெக்கப்பட்டவன் முகாமுக்குப் போயி வெறைப்பான். நிக்கிறப்போ மாத்திச் செய்யணும்: மூட்டைய இறக்கின கையோட ஜாக்கெட்டு, குளுருறதுக்கு முன்னாலயே. குளுந்த பிறகு போட்டா, போன சூடு அவ்வளவு சுலபமாத் திரும்பி வராது. ஜாக்கெட்டை மூட்டைக்கு அடியில திணிச்சு வச்சுட்டுத் தேடாதே, மேலாக வை.

ஜூடா கா தலாப்னு ஒரு ஏரி, 9,100 அடி வாக்குல. குளிர்காலத்துல உறைஞ்சு கிடக்கும், பக்கத்துலதான் கூடாரம். வந்து சேர்ந்ததும் உன் சேக்காளி ஒவ்வொருத்தனும் என்ன பண்ணுவான்? ஏரிய வீடியோ எடுப்பான், மேகி வாங்கித் தின்பான், வேர்த்த பனியனோட மரத்தடியில உட்கார்ந்து வாய் பார்ப்பான். சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினதும் ஒருத்தனும் பேச மாட்டான், பல்லு மட்டும் பேசும். நீ முதல் காரியமாக் கூடாரத்துக்குள்ள போ. மேல் சட்டை எல்லாம் கழட்டு. ஆமா, அந்தக் குளிருல வெத்து ஒடம்பா நில்லு. சட்டுனு தொடைச்சுட்டு, காஞ்ச பனியனை மாட்டு. சாக்சையும் மாத்து. அரை நிமிசக் கொடுமை, ராத்திரி பூரா புண்ணியம். பையில ஒரு ஜோடி உள்ளுடுப்பும் சாக்சும் பிளாஸ்டிக் கவர்ல கட்டித் தனியா இருக்கணும். அது படுக்கைக்கு மட்டும். அதைப் போட்டுக்கிட்டு வெளிய ஒரு எட்டு நடந்தாலும் நான் உன் தாத்தா இல்ல.

காலுக்கு வருவோம். குளுருதேன்னு மூணு சாக்சை ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டு பூட்சுக்குள்ள திணிப்பே. ரத்தம் ஓட இடமில்லாமப் போகும். மூணு சாக்சும் பிணத்துக்குப் போட்ட பட்டுவேட்டிதான். தடிச்ச ரோமச் சாக்ஸ் ஒண்ணு, விரல் ஆட்டுற அளவுக்கு இடம், அது போதும். கைக்கு அஞ்சு விரலையும் பிரிச்சு வைக்கிற உறையை விட, நாலு விரலும் ஒரே அறையில ஒண்ணாக் கிடக்குற உறை சூடு. கூட்டுக் குடும்பம் கெட்டுப்போச்சுன்னு எவன் சொன்னான்?

'ஒடம்புச் சூட்டுல பாதி தலை வழியாத்தான் போகுது'ன்னு ஒருத்தன் அங்க உறுதியாச் சொல்லுவான். அமெரிக்கப் பட்டாளத்துப் புத்தகத்துல இருந்து கிளம்பின பேச்சு அது. பரிசோதனைக்கு வந்த ஆளுகளுக்கு ஒடம்பு பூரா உடுப்பைப் போட்டு, தலைய மட்டும் தொறந்து விட்டு அளந்தாங்களாம். தொறந்த கதவு அது ஒண்ணுதான்னா, சூடு வேற எதுவழியாப் போகும்? தலை ஒடம்புப் பரப்புல பத்துல ஒரு பங்குதான். குல்லா போடு, வேண்டாம்னு சொல்லல. குல்லா போட்டதால கால்சட்டை தேவையில்லன்னு நினைச்சுராதே.

ராத்திரிக்கு நாலு வார்த்தை. மேல எத்தனை போத்தினாலும், கீழ மெத்து விரிப்பு இல்லேன்னா தரை உன் சூட்டை உறிஞ்சிரும். படுக்கைப் பையோட அடிப்பக்கம் உன் எடையில நசுங்கிக் காத்து போயிருக்கும்ல. தலையப் பைக்குள்ள விட்டு மூச்சு விடாதே, செர்ரியோட 20 கிலோவ நினைச்சுக்கோ. தண்ணி பாட்டிலக் கவுத்தி வை; ஐஸ் மேல்பக்கம்தான் முதல்ல கட்டும், காலையில வாய்ப்பக்கம் தொறக்கும். போனைப் பைக்குள்ளயே போட்டுக்கோ, குளிருல பேட்டரி சீக்கிரம் செத்துரும். நெய்யோ வேர்க்கடலையோ கொஞ்சம் தின்னுட்டுப் படு, உள்ள அடுப்பு எரியணும். நடுராத்திரி ஒண்ணுக்கு வந்தா அடக்காதே, அந்த அவஸ்தையில தூக்கமும் வராது, சூடும் தங்காது. சிகரம் ஏற எப்படியும் ரெண்டு மூணு மணிக்கு எழுப்பி விடுவாங்க.

ரம்மு. பட்டாளத்துக்காரன் ரம்மைப் பத்திச் சொன்னா காது கொடுத்துக் கேளு. குடிச்சா கதகதன்னு இருக்கும். ஏன்? உள்ள பத்திரமா இருந்த சூட்டைத் தோலுக்குக் கொண்டு வந்து காட்டிட்டு, வெளிய அனுப்பிரும். குடிச்சவன் சூடா இருக்கிறதா நினைக்கிறான். ஒடம்பு குளுந்துக்கிட்டே போகுது. எனக்கு ஒரு குப்பி வாங்கிட்டு வா, நான் கோவில்பட்டியில இருந்து குடிச்சுக்கிறேன். இங்க ஆபத்தில்ல. அப்புறம், கூடாரத்துக்குள்ள கரி அடுப்போ ஸ்டவ்வோ வைக்கவே வைக்காதே. இதுல கேலி கிடையாது. அதுல இருந்து வர்ற விஷ வாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. தூங்கினவன் எந்திரிக்க மாட்டான்.

இன்னொண்ணும் கேலி இல்லாமக் கேளு. நடுங்குறவனைப் பத்திக் கவலைப்படு, ஆனா ரொம்பப் பயப்படாதே. ஒடம்பு இன்னும் போராடுது. ஈரத்தை மாத்தி, பைக்குள்ள போட்டு, சர்க்கரை தூக்கலா சூடா டீயக் கொடு. நடுக்கம் நின்னு, பேச்சுக் குழறி, ஜிப்பைப் பிடிக்கத் தெரியாம விரல் தடவினா, அப்போதான் விபரீதம். இன்னும் முத்தினா 'எனக்கு வேகுது'ன்னு சட்டையக் கழட்டுவான். குளிருல சாகப் போறவன் பண்ணுற வேலை அது. இவ்வளவு நேரம் கழட்டு கழட்டுன்னு சொன்ன நானே சொல்றேன்: அந்தக் கழட்டல் மட்டும் ஆகாது. அவனைப் பிடிச்சு மூடு, கூட வந்த வழிகாட்டியக் கூப்பிடு, ஆளைத் தனியா விடாதே.

அவ்வளவுதான் ராசா. இந்தக் குண்டு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கு. நல்ல உள்ளுடுப்பும் சாக்சும் சொந்தமா வாங்கு. மத்ததை சாங்க்ரியிலயே வாடகைக்குக் கொடுக்குறாங்க. ஜீன்ஸை டேராடூன்ல கழட்டி வச்சுட்டுப் போ, திரும்பி வந்து போட்டுக்கிட்டு மால்ல சுத்து. நாளைக்குக் கிளம்பும்போது உங்க அப்பத்தா பருத்தித் துண்டு ரெண்டு மடிச்சுக் கொண்டாந்து பையில திணிப்பா. வேண்டாம்னு சொல்லி அவ வாயில விழாதே. வாங்கிக்கோ. அது குளிச்சா துவட்டுறதுக்கு. மலையில நீ குளிக்கப் போறதில்லங்கிறது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.